மூச்சு வாங்கினால் தப்பில்லை

1

நேற்று எங்கள் வகுப்புக்குக் கடைசி நாள். வகுப்பு என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். நுரையீரல் கெட்டுப்போய், நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்குகிறவர்களுக்கு நடையும் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கும் இடம். இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நடக்கிறது. நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களில் பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்த்த கிழவர்கள். மீதிப் பேர் சிகரெட்டை விட முடியாமல் தவித்து ஒருவழியாக விட்டவர்கள்.

கடைசி நாளில் கேக் வெட்டுவோம். இந்தப் பயிற்சியால் என்ன மாறியது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஹெரால்டு என்றொரு கிழவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி, எழுந்து நின்றார். "மாடிப்படி ஏற முடியாமல் ரெண்டு வருசமாகக் கீழே சோபாவில்தான் படுத்துக் கிடந்தேன். போன வாரம் மாடிக்குப் போய் என் கட்டிலில், என் மனைவி பக்கத்தில் படுத்தேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மனைவி குனிந்து கைப்பையில் எதையோ தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தார்.

நானும் தட்டினேன். பிறகு நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நேற்று என் அக்காவின் முதல் வருசத் திதி. காலையில் தென்காசிப் பக்கம் எங்கள் ஊரான இலஞ்சியிலிருந்து அத்தான், அக்காவின் கணவர், போன் செய்திருந்தார். "ஐயர் வந்துட்டுப் போயிட்டாரு. காக்காய்க்குச் சோறு வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஊரில் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மூச்சு வாங்குகிற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

2

அக்கா பெயர் உலகம்மாள். நான் தங்கை, கோமதி. அம்மா இறந்தபோது எனக்கு நடக்கத் தெரியாது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கிற கொட்டகை இருந்தது. புழுங்கல் அரிசிக்காக அண்டாவில் நெல்லைக் கொட்டி, அடியில் தென்னமட்டையும் உமியும் போட்டு எரிப்பார்கள். ஈர மட்டையின் புகை மஞ்சளாக இருக்கும். அந்தப் புகைக்குள் அக்கா நாள் முழுக்க நின்றாள். கல்யாணமாகி, அதே தெருவில் அத்தான் வீட்டுக்குப் போன பிறகும் கொட்டகையை விடவில்லை. எனக்குக் கல்லூரி, விடுதி, அப்புறம் இங்கிலாந்து வர எழுதிய பரீட்சை என எல்லாமே அந்த அண்டாவிலிருந்து வந்தவைதான்.

இங்கே வந்ததும் என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்ய ஓர் அலுவலகம் எடுத்துக்கொண்ட காலத்தில் என் மகள் பிறந்து, நடந்து, ஆங்கிலம் பேசிவிட்டாள். அதுவரை நான் முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை விரித்தேன். பிறகு எங்கே போட்டாலும் சரி என்று கேட்டு வாங்கியதுதான் இந்த நுரையீரல் வேலை. நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அக்காவின் இருமலை எல்லோரும் ஆஸ்துமா என்றே சொன்னார்கள். தென்காசியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் அத்தான் கூட்டிப்போனபோதுதான், இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று தெரிந்தது. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார். அத்தான் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "எம் பொண்டாட்டியப் பாத்து என்ன கேள்வி கேக்கீரு?" என்று எழுந்துவிட்டாராம். டாக்டர் அவரை உட்கார வைத்து, விறகுப் புகையாலும் இது வரும் என்று விளக்கி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்து, "பதனமா வச்சுப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அத்தான் அந்தக் கடைசி வார்த்தையை மேலதிகாரியின் உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

3

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அக்காதான் அவருக்கு எல்லாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே கொட்டகையைப் பிரித்துப் போட்டார். கேஸ் அடுப்பில் அவரே சமைத்தார். அக்கா எழுந்தால், "ஏட்டி, உக்காரு. என்ன வேணும்னு சொல்லு" என்பார். தண்ணீர் கையில் வரும். சாப்பாடு மடியில் வரும். குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவரே வெந்நீர் ஊற்றிவிட்டார். தலை பின்னிவிடக்கூடப் பழகிக்கொண்டார்.

தெருவே அவரை மெச்சியது. போனில் கேட்டு நானும் மெச்சினேன்.

சாரல் காலத்தில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோதுதான் அக்காவின் கால்களைப் பார்த்தேன். அண்டாவைத் தனியாளாகச் சாய்த்தவள். தொடை என் முன்கை அளவுக்கு வற்றியிருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை வந்தாள். மூச்சு வாங்கியது. அத்தான் பதறிப்போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அத்தான், மூச்சு வாங்கினாத் தப்பில்ல" என்றேன். "மூச்சு வாங்கட்டும். நின்னு, ஆறி, மறுபடி நடக்கணும். உக்காரவே வச்சா கால் செத்துப்போகும். கால் செத்தா, இன்னும் கூடத்தான் மூச்சு வாங்கும்."

"நீ படிச்சவ, சரிதான். ஆனா அவ நெஞ்சு ஏறி எறங்குதத நான்லா பாக்கேன்."

"நானும் தெனமும் பாக்கேன் அத்தான். அதுதான் என் வேலை."

"அங்கன உள்ளவன் தின்னு வளந்தவன். இவ ஒடம்பு புகை குடிச்ச ஒடம்பு."

"அவங்களும் கரி குடிச்சவங்கதான்."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள்: "எனக்கு... இந்த நாற்காலியப் பாத்தாலே... ஆத்திரமா வருது. அவ சொல்லுதத... கேட்டுத்தான் பாப்பமே."

4

தென்காசியில் நானே இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் விசாரித்தேன். பிசியோதெரபி எல்லா இடத்திலும் இருந்தது. முட்டிக்கு இருந்தது, பக்கவாதத்துக்கு இருந்தது. நுரையீரலுக்கு என்று சொன்னதும், "திருநெல்வேலிலதான் கேட்டுப் பாக்கணும்க்கா" என்று அங்கிருந்த பெண் பணிவாகச் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு முறை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறக்கூடியவளாக இருந்தால் அக்காவுக்கு இந்தப் பயிற்சியே தேவைப்படாது.

ஆகவே வீட்டிலேயே ஆரம்பித்தேன். ஊர்த்தமிழில் இதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. "உடற்பயிற்சி" என்றேன். அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும், "நான் என்ன போலீசுக்கா சேரப்போறேன்?" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. மறுபடி உட்காருவது. தண்ணீர் நிரப்பின சின்ன பாட்டில்களைத் தோள் வரை தூக்குவது. வாசலிலிருந்து தெருமுனை வரை நடப்பது, பேச முடிகிற வேகத்தில். மூச்சு முட்டினால் உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவது. இதை எப்படி விளக்குவது என்று யோசித்து, "அடுப்ப ஊதுவேல்லா, அந்த மாதிரி ஊது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஊதி ஊதித்தானட்டி இது வந்துச்சு. இனி ஊதித்தான் போக்கணுமாக்கும்?"

அவளே உதட்டைக் குவித்து ஊதினாள். யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத அளவுக்கு நன்றாக ஊதினாள்.

கால்கள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தன. முதலில் தெருமுனை, பிறகு வயலை ஒட்டிய ரோடு. அத்தான் பின்னாலேயே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா அதில் உட்காருவாள், எழுவாள், திரும்பியே பார்க்காமல் நடப்பாள். ஒரு நாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் அவளே சட்டினி அரைத்து வைத்திருந்தாள். அத்தான் அவளைத் திட்டினார். திட்டிக்கொண்டே நாலு தோசை தின்றார்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், "குத்தாலத்துக்குப் போவோமா?" என்று அக்கா கேட்டாள். நோய் வந்த பிறகு அவள் அருவிப் பக்கமே போனதில்லை. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து மெயின் அருவி வரைக்கும் நடந்தாள். நேந்திரங்காய் வறுக்கிற கடைகளில் புகை இருந்தது, அதனால் சுற்றிப் போனோம். ரோட்டோரம் ரம்புட்டான் விற்கிறவளிடம் விலை கேட்கிற சாக்கில் நின்று ஆறினாள். எண்ணெய் தேய்த்த ஆட்கள் வழுக்கி வழுக்கிப் போனார்கள். குளிக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டத்தில் நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது. அத்தான் குடையை நீட்டினார்.

"அந்தக் குடைச் சவத்த மடக்குங்க. நான் கொஞ்சம் நனையுதேன்."

அவர் மடக்கினார். அவள் முகத்தைத் துடைக்காமல் நின்றாள். அவளை அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி.

5

திரும்பி வந்த பிறகு வீடியோவில் பயிற்சியைத் தொடர்ந்தோம். நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம் அவளுக்கு மத்தியானம். என் மகள் மீரா பள்ளிக்கூடப் பையோடு குறுக்கே போவாள். "பெரியம்மாட்ட பேசு" என்பேன். "ஹாய் பெரியம்மா" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். "என்னட்டி, பிள்ள இளைச்சுட்டா?" என்று அக்கா கேட்பாள். மீராவுக்கு அது விளங்காது. மொழிபெயர்த்தால், "பெரியம்மா ஏன் என் எடையைப் பற்றிப் பேசுகிறார்கள்?" என்று கோபித்துக்கொள்வாள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் குறுக்கே போவதையும் நிறுத்திவிட்டாள்.

ஐப்பசி மழையில் அக்காவுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி என்றே நினைத்தோம், அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ரோட்டில் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று மதகுச் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. அத்தான் ஓர் ஆட்டோவை மறித்து, தென்காசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

போனில் அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "நீ சொன்னதக் கேட்டு நடந்தா. இப்போ கெடக்கா."

"அத்தான், இது நடந்ததால வந்ததில்ல. கிருமி. சளி நெஞ்சுக்குப் போயிருக்கு. வீட்டுலயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

"நடக்கையிலல்லா விழுந்தா?"

நான் பதற்றத்தில் இருந்தேன். வருசக்கணக்காக ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய ஒரு வாக்கியம் அப்படியே தமிழில் வந்துவிட்டது. மூச்சு முட்டும்போது உள்ளே இழுக்கப் போராடாதே, வெளியே விடு என்று நோயாளிகளுக்குச் சொல்வோம். அதைத்தான் சொல்ல நினைத்தேன். "அவள்ட்ட சொல்லுங்க அத்தான், பிடிச்சு வைக்க வேண்டாம், மூச்சு போகட்டும்னு."

சொன்னது என்னவென்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

"மூச்சு போகட்டுமா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். "அங்கன போயி, ஒனக்குத் தமிழே மறந்துபோச்சு கோமதி. ஒன் நடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவள நான் பாத்துக்கிடுதேன்."

எத்தனையோ தடவை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தார், வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கிப் பக்கத்தில் வைத்தார், மறுபடி தண்ணீரைக் கையில் கொடுக்க ஆரம்பித்தார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த உதடு நீலமானதைக் கண்ணால் பார்த்தது அவர். நான் இங்கே இருந்துகொண்டு சரியான பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான்.

6

அதற்குப் பிறகு வீடியோவில் அக்காவின் முகம் மட்டும்தான் தெரியும், மூக்கில் குழாயோடு. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. சாப்பிட்டியா, குளிரா, பிள்ளை படிக்குதாளா. அத்தான் பக்கத்திலேயே இருப்பார்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். அத்தான் மாத்திரை வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். நான் வகுப்புக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி... நேத்து ஒங்க அத்தான்... குளிக்கப் போனப்போ... நான் எந்திரிச்சுப் பாத்தேன்."

"நல்லது அக்கா. பைய பண்ணு. மொதல்ல கட்டில் ஓரத்துல காலத் தொங்கப் போட்டு..."

"இல்லட்டி. கேளு." நிறுத்தி, உதட்டைக் குவித்து ஊதினாள். "கால் நிக்கல. தரையில... உக்காந்துட்டேன். பிறகு... கட்டில்ல ஏற முடியல. அவிய வந்து... தூக்கினாவ. தண்ணி எடுக்க... எறங்கினேன்னு... பொய் சொன்னேன்."

"அத்தான்ட்ட நான் பேசுதேன்."

"வேண்டாம். பாவம்... அழுதுருவாவ." இன்னொரு மூச்சு. "ஒங்கிட்ட... சொல்லணும்னு தோணுச்சு. நான்... பண்ணிப் பாத்தேன்னு."

கூடத்துக் கதவு திறந்தது. கிழவர்கள் ஒவ்வொருவராக, கைத்தடியோடும் சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளையோடும் உள்ளே வந்தார்கள். "காலை வணக்கம், அன்பே" என்று, அந்த ஊரில் யாரையும் கூப்பிடுகிற மாதிரி, ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். "ஆளு வந்துட்டாவளா?" என்று அக்கா கேட்டாள். "போ. அவியளப் பாரு." போனை வைத்துவிட்டாள்.

நான் அவர்களைப் பார்த்தேன். எழுங்கள், உட்காருங்கள், எழுங்கள் என்றேன். எழுந்தார்கள்.

7

தை பிறந்த பிறகு ஒரு காலையில் அக்கா இறந்தாள். மீராவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து காரிலேயே உட்கார்ந்திருந்தபோது அத்தான் போன் செய்தார். மாலையில் நான் அழுவதைப் பார்த்து மீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்தப் பெரியம்மா? இருமுவார்களே, அவர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

துக்க லீவுக்கு விண்ணப்பித்தால், இறந்தவர் உங்களுக்கு யார் என்று கணினிப் படிவம் கேட்கிறது. அம்மாவுக்கு ஒரு கணக்கு, உடன்பிறந்தவளுக்கு அதைவிடக் குறைந்த கணக்கு. உடன்பிறந்தவள் என்பதைத்தான் அழுத்த வேண்டியிருந்தது. மிச்ச நாட்களுக்குச் சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாகக் கார் பிடித்து இலஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

பதினாறு முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அத்தானும் நானும் மட்டும் இருந்தோம். ஆக்சிஜன் மெஷின் மூலையில் நின்றது. அன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போக ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அத்தான் சவரம் செய்யாத முகத்தோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கோமதி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவியா?"

"கேளுங்க அத்தான்."

"நீ சொன்ன மாதிரி நான் அவள நடக்க விட்டிருந்தா, இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாளோ?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த படிப்பில் உறுதியான பதில் இல்லை. கெட்ட நுரையீரலைப் பயிற்சி சரியாக்காது. ஹெரால்டும் இன்னும் ஒரு வருசத்திலோ இரண்டு வருசத்திலோ மறுபடி அந்தச் சோபாவுக்கு இறங்கித்தான் வருவார். அது எனக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் கொடுப்பது நாட்களை அல்ல. இருக்கிற நாட்களில் மாடிக்கு ஏறிப் படுக்க ஒரு வழி, அவ்வளவே.

"இல்ல அத்தான்" என்றேன். "நாளு கூடியிருக்காது. அந்த நோவு அப்படி."

"மெய்யாத்தான் சொல்லுதியா?"

"மெய்யாத்தான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, "அது போதும்" என்றார். "நான் அதத்தான் தெனமும் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

நாள் கூடியிருக்காதுதான். ஆனால் இருந்த நாட்களில் அவள் தன் காலால் எழுந்து குளித்திருப்பாள். வாசலில் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாள். தரையில் விழுந்து கிடந்துவிட்டு அத்தானிடம் பொய் சொல்லியிருக்க மாட்டாள். அவர் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மெஷினை எடுக்க வந்த ஆள், "ஏட்டையா" என்று கூப்பிட்டான். அத்தான் எழுந்து போய், அவள் மூக்கில் இருந்த அந்தக் குழாயை மெஷினிலிருந்து கழற்றி, சுருக்கம் விழாமல் வட்டமாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, அவன் கையில் கொடுத்தார்.